எல்-39 வாங்குவது மட்டும் போதாது

"அமெரிக்காவில் கார் வாங்குவதுபோல் போர் விமானம் வாங்கி, மறுநாளே பறக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வாங்கலாம் என்பது சரி. மறுநாளே பறக்கலாம் என்பது தவறு.

அங்கே தனியாரிடம் அதிகம் இருப்பது செக்கோஸ்லோவாகியாவில் தயாரான எல்-39 பயிற்சி ஜெட். பனிப்போர் முடிந்தபின் மலிவாகச் சந்தைக்கு வந்தது. ஆனால் எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து அமைப்பு) அதற்குப் 'பரிசோதனை - கண்காட்சி' வகைச் சான்றிதழ்தான் தரும்; அது வழக்கமான விமானங்களுக்குத் தரும் சான்றிதழ் அல்ல. சாதாரண பைலட் உரிமமும் போதாது. அந்த விமானத்துக்கென்றே பயிற்சி பெற்று, தனி அனுமதி வாங்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவதற்கும் பொதுவாகத் தடை.

அப்புறம் அந்த ஜெட்டின் இருக்கை. ஆபத்து வந்தால் விமானியை வெளியே தூக்கி எறிய அதில் வெடிமருந்துக் குப்பிகள் இருக்கும். மாத்திரை அட்டைபோல அவற்றுக்கும் காலாவதித் தேதி உண்டு; அது முடிந்தால் மாற்ற வேண்டும். அதனால் பல உரிமையாளர்கள் அந்த அமைப்பையே செயலிழக்கச் செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள், உயிர் சம்பந்தப்பட்டது.

அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 போர் விமானத்தையும் இப்படி வாங்கலாமா என்று கேட்டவருக்கு: முடியாது. 2006இல் அது ஓய்வுபெற்றபின், உதிரிபாகம், அதே விமானத்தை முன்பு வாங்கியிருந்த ஈரானுக்குப் போய்விடக் கூடாதென்று பெரும்பாலானவற்றை நொறுக்கிவிட்டார்கள். மிச்சத்தை அருங்காட்சியகங்களில்தான் பார்க்கலாம்.