மாயாண்டித் தாத்தாவின் பயிருக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவது?

விவசாயியைப் பற்றிய படம் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். ஒன்று, தூக்குக் கயிறு வரும். இல்லையென்றால் எங்கிருந்தோ ஒரு நாயகன் வந்து மைக் பிடித்துப் பேசி எல்லோரையும் காப்பாற்றிவிடுவான். 2022 பிப்ரவரியில் வந்த மணிகண்டனின் 'கடைசி விவசாயி'யில் இந்த இரண்டும் கிடையாது. போன வாரம் மறுபடி பார்த்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். பழைய மரத்தில் இடி விழுந்ததும், நின்றுபோயிருந்த குலசாமி கும்பிடை மறுபடி எடுக்க ஊர் முடிவு செய்கிறது. சாமிக்குப் படைக்கப் புது நெல் ஒரு மரக்கால் வேண்டும். ஆனால் ஊரில் இன்னும் வெள்ளாமை செய்கிறவர் மாயாண்டி ஒருவர்தான். மற்றவர்கள் நிலத்தை விற்றுவிட்டார்கள். யோகிபாபு நிலம் விற்ற காசில் யானையே வாங்கி வைத்திருக்கிறார்! பெரியவர் நெல் விதைக்கிறார். செத்துக் கிடந்த மயில்களைப் பார்த்து மனசு கேட்காமல் புதைக்கிறார். அவரே கொன்றதாக வழக்குப் போட்டுவிடுகிறார்கள். மயில் தேசியப் பறவை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. லேசில் விடுகிற வழக்கு இல்லை.

இதை அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். எங்களுடையது கிணற்றுப் பாசனம், அவருக்கு அந்த மண் தெரியும். பெரியவரை ரிமாண்ட் செய்கிற இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா கேட்டதோ, "அப்ப பயிருக்கு யாரும்மா தண்ணி பாய்ச்சுவா?" என்றுதான். படத்திலும் மாயாண்டியின் கவலை அதுவேதான். தன் மேல் என்ன வழக்கு, எத்தனை நாள் உள்ளே என்பதெல்லாம் அவருக்கு உறைக்கவே இல்லை. பயிர் காயுமே, நான் போகணும் என்கிறார்.

அந்தப் பெண் மாஜிஸ்திரேட்டுக்கு அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று புரிந்துவிடுகிறது. ஆனாலும் சட்டப்படி உடனே அனுப்ப முடியவில்லை. அதனால் வயலைக் கவனிக்கிற வேலையைப் போலீஸ்காரரிடமே ஒப்படைக்கிறார். எனக்குப் படத்தின் நம்பிக்கை மொத்தமும் அங்கேதான் இருக்கிறது. புரட்சி எதுவும் நடக்கவில்லை, யாரும் திருந்தி அழவில்லை. அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் ஒரு கிழவனுக்கு எது அவசரம் என்று காதுகொடுத்துக் கேட்கிறார், அதற்குத் தன் கையில் இருப்பதைச் செய்கிறார். அவ்வளவுதான். இதைக்கூட நாம் எத்தனை அலுவலகங்களில் பார்த்திருக்கிறோம்?

நண்பர் ஒருவர், "கடன், தற்கொலை எதுவும் இல்லாமல் விவசாயியைக் காட்டுவது தேவதைக் கதை" என்று கோபப்பட்டார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017இல் விவசாய சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு தலைமையில் நம் விவசாயிகள் வறட்சி நிவாரணம் கேட்டு டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்ததை எப்படி மறப்பது? ஆனால் மண்டை ஓட்டோடு மட்டுமே விவசாயியைப் பார்த்துப் பழகிவிட்டால், அவருக்கு ஒரு தொழில் தெரியும் என்பதே நமக்கு மறந்துபோகிறது. மணிகண்டன் அந்தத் தொழிலைக் காட்டுகிறார். மாயாண்டி வயலில் நடக்கிற நடை, மாட்டோடு பேசுகிற விதம், விதையில்லாத தக்காளியைப் பற்றிக் கடையில் வருகிற கோபம். பரிதாபத்துக்குப் பதில் எனக்கு அவர் மேல் மரியாதைதான் வந்தது. விஜய் சேதுபதியின் ராமையா பாத்திரம் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், அது வேறொரு உலகம்.

மாயாண்டியாக வந்த நல்லாண்டி ஐயா தொழில்முறை நடிகர் இல்லை, நிஜ விவசாயி. படம் வெளிவரும் முன்பே இறந்துவிட்டார். 69வது தேசியத் திரைப்பட விருதுகளில் அவருக்குச் சிறப்புக் குறிப்பும், படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம் விருதும் கிடைத்தன. அவர் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று நினைக்கும்போது இப்போதும் வலிக்கிறது.

முடிவை நான் சொல்லப் போவதில்லை, பாருங்கள். ஆனால் ஒரு மனக்குறையைச் சொல்லியே ஆக வேண்டும். நாற்று நடுவதும் களை எடுப்பதும் நம் ஊர்களில் பெரும்பாலும் பெண்கள். சொந்த நிலம் இல்லாமல் கூலிக்கு இறங்கி முதுகு ஒடிகிறவர்கள். நிலம் விற்றவர்களின் கதை இந்தப் படத்தில் இருக்கிறது, விற்க நிலமே இல்லாத அவர்களுடைய கதை இல்லை. என் அம்மா, அத்தைமார் எல்லோரும் அந்த வரிசையில் நின்றவர்கள்தான். அவர்களைப் பற்றியும் இதே பொறுமையோடு, அழவைக்க முயலாமல் யாராவது ஒரு படம் எடுங்கள். முதல் நாள் முதல் காட்சிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.