படித்துப் பார்த்துப் போட்டிருக்க வேண்டுமாம்

காலைக்கும் இரவுக்குமான இரண்டு கண் சொட்டு மருந்துகளில் ஒன்றையே அப்பா இருவேளையும் போட்டுக்கொண்டது பற்றி நேற்று முன்தினம் எழுதியதற்கு வந்த மறுமொழிகளில் பாதிக்கு மேல் ஒரே அறிவுரைதான்: லேபிளைப் படித்துப் பார்த்துப் போட்டிருக்க வேண்டும். கண் மங்கிய மனிதர், கண்ணுக்குப் போடும் மருந்தின் பெயரை, சுண்டுவிரல் அளவுக் குப்பியில் எறும்புச் சாரையாக ஓடும் எழுத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். மிக்க நன்றி.

நான்கு ஆண்டுகளாக அவருக்குக் காலை மருந்து மஞ்சள் மூடி, இரவு மருந்து நீலப்பச்சை மூடி. பிராண்டுக்கு ஒரே தோற்றம் வேண்டுமென்று நிறுவனம் இரண்டுக்கும் வெள்ளை மூடி போட்டது. ஒரு குப்பி சீக்கிரமே தீர்ந்து, மற்றொன்று திறக்கப்படாமலே இருந்தபோதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. அமெரிக்கக் கண் மருத்துவ அகாதெமி மருந்து வகைவாரியாக மூடிக்கு நிறம் வகுத்திருப்பது அலங்காரத்துக்காக அல்ல.

தவறு அப்பாவுடையது அல்ல, குப்பியுடையது. தள்ளுவதா இழுப்பதா என்று ஒருவர் தடுமாறினால் குற்றம் கதவின் மீதுதான் என்று வடிவமைப்பு அறிஞர் டான் நார்மன் 1988இலேயே எழுதிவிட்டார். 2009இல் டிராபிகானா பழச்சாறு நிறுவனம், உறிஞ்சுகுழல் செருகிய ஆரஞ்சுப் படத்தைத் தன் பெட்டியிலிருந்து எடுத்தபோது, இரண்டே மாதத்தில் விற்பனை ஏறத்தாழ 20 சதவீதம் சரிந்து, பழைய பெட்டியே திரும்பி வந்தது. பெயர் பெட்டியில் இருக்கத்தான் செய்தது. கண் நன்றாகத் தெரிபவர்களே எழுத்தைப் படிக்காமல் படத்தைத் தேடியிருக்கிறார்கள். எழுபத்தெட்டு வயதுக்காரர் மட்டும் படிக்க வேண்டும்.

நிறக்குருடு உள்ளவர்களுக்கு மூடி நிறம் உதவாதே என்று ஒருவர் கேட்டார். நியாயம்தான். அதற்கு மூடியின் வடிவத்தையும் வேறுபடுத்த வேண்டுமே தவிர, இருந்த நிறத்தையும் பறிப்பது எந்த ஊர் தீர்வு?

நிறுவனத்தைப் புரிந்துகொள்ளாமல் பேசுகிறேன் என்பவர்களுக்கு: பதினைந்து ஆண்டுகளாக எனக்குச் சோறு போடுவதே பேக்கேஜிங் வேலைதான். அலமாரியில் வரிசையாக நின்றால் அழகாக இருக்கும் என்று சொல்லி, ஒரே வெள்ளையில் பெட்டிகள் வரைந்து கைதட்டல் வாங்கியவன் நான். அந்தப் பெட்டிகளை யார் வீட்டு இருட்டில் யார் தடவித் தேடினார்கள் என்று அன்று நான் கேட்டதில்லை.

“பிள்ளை எதற்கு இருக்கிறாய்?” என்று எழுதியவருக்குப் பதில் எழுதி, மூன்று முறை அழித்துவிட்டேன். காலை மருந்தின் கழுத்தில் இப்போது ஒரு ரப்பர் பேண்டு சுற்றியிருக்கிறேன். அப்பா அதைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்துவிட்டு, இது அறுந்துபோனால் என்ன செய்வது என்று கேட்கிறார்.