சான் அன்டோனியோவில் காலையில் சாப்பிடுங்கள், மேற்கே போய்ச் சாப்பிடுங்கள்

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவுக்கு வருகிறவர்கள் பசி எடுத்ததும் போய் உட்காரும் இடம் பெரும்பாலும் ஆற்றோரத்து ரிவர் வாக்தான். அந்த நடைபாதை அழகானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1946இல் அங்கே முதன்முதலாக உணவகம் திறந்த காசா ரியோவின் வண்ணக் குடைகளைப் பார்த்தபடி மாலையில் நடந்து வரலாம். ஆனால் கையில் அளவான பணத்தோடு வருகிறவர் அங்கே சாப்பிட உட்கார வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பெரும்பகுதி, தட்டில் இருக்கும் உணவுக்காக அல்லாமல், பக்கத்தில் ஓடும் தண்ணீருக்காகப் போய்விடுகிறது. இந்த ஊர் மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் லத்தீன் அமெரிக்க வழியினர். அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் மெக்சிக வேர் கொண்டவர்கள். அவர்கள் நாள்தோறும் சாப்பிடுவது நகர மையத்துக்கு மேற்கிலும் தெற்கிலும் உள்ள குடியிருப்புத் தெருக்களில். நல்ல உணவும் நியாயமான விலையும் சேர்ந்து கிடைப்பதும் அங்கேதான்.

இந்த ஊரில் நம் செலவைத் தீர்மானிப்பவை நேரமும் தெருவும் என்று நான் நம்புகிறேன். நேரம் என்று நான் சொல்வது காலை வேளையை. பெரிய உணவகத்தில் இரவு உணவுக்குச் செலவழிக்க நினைத்த பணத்தைக் காலை உணவுக்கு ஒதுக்கினால், அதே தொகையில் இரண்டு மூன்று நாள்கள் வயிறாரச் சாப்பிடலாம். காலை டாக்கோ என்பது இங்கே விருந்தினருக்கென்று செய்யப்படும் பண்டம் அல்ல. கட்டட வேலைக்குப் போகிறவரும் பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டு விடுகிறவரும் மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வருகிறவரும் ஒரே வரிசையில் நின்று வாங்கிச் செல்லும் அன்றாட உணவு அது. தேய்த்துச் சுட்ட மென்மையான கோதுமை டொர்ட்டியா என்னும் மெல்லிய ரொட்டியில் உருளைக்கிழங்கும் முட்டையும், அல்லது மசித்த பின்ட்டோ பயறும் பாலாடைக்கட்டியும், அல்லது சொரிசோ என்னும் காரமான பன்றித் தொத்திறைச்சியும் முட்டையும் வைத்து, அலுமினியத் தாளில் சுற்றித் தருவார்கள். இன்றைய விலையில் ஒரு டாக்கோ இரண்டு டாலரிலிருந்து நான்கு டாலருக்குள் அடங்கும். இரண்டு சாப்பிட்டால் மதியம் வரை பசிக்காது. காலை டாக்கோவின் தாயகம் எது என்று 2016இல் பக்கத்து ஆஸ்டின் நகரத்தோடு பெரிய வாக்குவாதமே எழுந்து, கடைசியில் இரு நகர மேயர்களும் சந்தித்து அதைச் சமாதானமாக முடிக்க வேண்டியிருந்தது. சான் அன்டோனியோக்காரர்கள் அதில் ஏன் அவ்வளவு கொதித்தார்கள் என்பது ஒரு காலைப் பொழுதை மேற்குப் பகுதிக் கடையொன்றின் முன்னால் கழித்தவர்களுக்குப் புரியும்.

கடையைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது ஒன்றையே: டொர்ட்டியாவை அங்கேயே செய்கிறார்களா? உள்ளே ஒருவர் மாவை உருட்டித் தேய்த்துக் கல்லில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தால், பெயர்ப்பலகை மங்கிப்போயிருந்தாலும் நாற்காலி ஆடினாலும் அந்தக் கடைக்குள் தயங்காமல் நுழையலாம். பொட்டலத்தில் வாங்கிய டொர்ட்டியாவைச் சூடாக்கித் தரும் இடத்தில் உள்ளே வைக்கும் பண்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் டாக்கோ பாதி செத்துவிடுகிறது. சிறிய கடைகளில் நான் எப்போதும் முதலில் கேட்பது கார்னே கிசாடா. மாட்டிறைச்சியைச் சீரகம், மிளகு, பூண்டு சேர்த்துக் குழம்பு கெட்டியாகும் வரை நிதானமாக வேகவைப்பார்கள். அதை நன்றாகச் செய்யும் கடை மற்றவற்றையும் நன்றாகவே செய்யும். ஃப்ரெடரிக்ஸ்பர்க் சாலையில் உள்ள கார்சியாஸ், புகையில் வெந்த பிரிஸ்கெட் என்னும் மாட்டு மார்பிறைச்சியோடு வெண்ணெய்ப்பழக் கலவை வைத்துத் தரும் டாக்கோவுக்குப் பெயர் பெற்றது. அது சாதாரண டாக்கோவைவிட விலை கூடுதல்தான், ஆனாலும் அந்த விலை தகும்.

மதிய உணவுக்கு இந்த ஊருக்கே உரிய ஒன்று உண்டு: பஃபி டாக்கோ. சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்த மக்காச்சோளத்தை அரைத்த மாவைத் தட்டி, கல்லில் சுடாமல் பச்சையாகவே எண்ணெயில் போடுவார்கள். அது நம் வீட்டுப் பூரியைப் போல உப்பி எழும்பும்போது நடுவில் கரண்டியால் அழுத்தி மடிப்பு உண்டாக்கி, அதற்குள் கொத்துக்கறியோ கோழியோ நிரப்பித் தருவார்கள். மேற்குப் பகுதியில் 1956 முதல் இயங்கும் ரேஸ் டிரைவ் இன், அதைத் தொடங்கியவரின் சகோதரர் 1978இல் தொடங்கிய ஹென்றிஸ் பஃபி டாக்கோஸ் ஆகிய இரண்டும் இதற்குப் புகழ்பெற்றவை. உள்ளூர் பேஸ்பால் அணியான மிஷன்ஸின் ஆட்டங்களில் பஃபி டாக்கோ வேடமிட்ட ஒருவர் மைதானத்தில் ஓட, ஒரு குழந்தை துரத்திப் பிடித்து வீழ்த்தும் வழக்கம்கூட உண்டு. எண்ணெயிலிருந்து எடுத்ததும் சாப்பிட்டுவிட வேண்டிய பண்டம் இது; பொட்டலம் கட்டி அறைக்கு எடுத்துப் போனால் துவண்டுவிடும், கொடுத்த காசு வீண்.

மலிவான உணவைப் பற்றிப் பேசும்போது சில்லி ராணிகள் என்று அழைக்கப்பட்ட பெண்களைக் குறிப்பிடாமல் விட எனக்கு மனம் வருவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நகரத்தின் மிலிட்டரி பிளாசா முதலான சதுக்கங்களில் அந்தி சாய்ந்ததும் மெக்சிக வழிப் பெண்கள் நீள மேசைகளைப் போட்டு, விளக்கேற்றி, விறகடுப்பில் இறைச்சியும் மிளகாயும் சேர்த்துக் கொதிக்கவைத்த சில்லியைப் பத்து சென்ட்டுக்கு விற்றார்கள். வண்டியோட்டிகளும் சிப்பாய்களும் மாடு மேய்ப்பவர்களும் பெருஞ்செல்வர்களும் அருகருகே அமர்ந்து சாப்பிட்ட மேசைகள் அவை. அவர்களுடைய உணவின் புகழ் 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சி வரை சென்றது. ஆனால் மிலிட்டரி பிளாசாவில் நகர மன்றக் கட்டடம் எழுந்தபோது அவர்கள் வேறு சதுக்கங்களுக்கு ஒதுக்கப்பட்டார்கள். பிறகு 1930களின் இறுதியிலும் 1940களின் தொடக்கத்திலும் சுகாதார விதிகளின் பெயரால் அந்தக் கடைகளே இல்லாமல் ஆக்கப்பட்டன. 2017இல் யுனெஸ்கோ இந்த நகரத்தை உணவுக் கலைக்கான படைப்பு நகரமாக அறிவித்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். அந்தப் பெருமைக்கு அடித்தளம் போட்டவர்கள் பத்து சென்ட்டுக்கு விற்ற அந்தப் பெண்கள் என்பதால்தான், இவ்வூரின் மலிவான உணவை இரண்டாந்தரமாகப் பார்ப்பவர்களை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை.

இன்னொரு கருத்தையும் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. இங்கே கிடைப்பது டெக்ஸ்-மெக்ஸ் என்னும் டெக்சாஸ் பாணி உணவுதான், உண்மையான மெக்சிக உணவு அல்ல என்று சிலர் சொல்கிறார்கள். 1836 வரை டெக்சாஸே மெக்சிகோவின் பகுதியாக இருந்தது. எல்லைக்கோடு நகர்ந்தபோது அடுப்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன. மஞ்சள் பாலாடைக்கட்டியும் சீரகம் தூக்கலான மிளகாய்க் குழம்பும் ஊற்றிய, டொர்ட்டியாவைச் சுருட்டிச் செய்யும் என்சிலாடா, இந்த மண்ணில் கிடைத்ததை வைத்து இங்கிருந்த குடும்பங்கள் உருவாக்கிய உணவு. வாரநாள் மதியத்தில் அதைச் சோறும் பயறும் சேர்த்துத் தட்டாக, இரவு விலையைவிடக் குறைத்துத் தரும் கடைகள் ஏராளம். உட்கார்ந்ததும் சோள வறுவலும் சல்சாவும் பல இடங்களில் இலவசமாக வந்துவிடும்.

வார இறுதிக்கு உரியது பார்பகோவா. மாட்டுத் தலையைப் பொதிந்து குழியில் புதைத்து இரவு முழுக்க வேகவைத்த பழைய முறை இன்று பெரும்பாலும் நீராவியில் வேகவைப்பதாக மாறியிருக்கிறது. ஞாயிறு காலையில் கடை வாசலில் வரிசை நிற்கும்; இறைச்சியை எடை போட்டுத் தருவார்கள். ஒரு பவுண்டு பார்பகோவாவும் ஒரு டஜன் சோள டொர்ட்டியாவும் வாங்கி, நறுக்கிய வெங்காயமும் கொத்தமல்லியும் எலுமிச்சையும் வைத்து மூன்று பேர் தாராளமாகச் சாப்பிடலாம். உடன் குடிப்பது பிக் ரெட் என்னும் சிவப்புச் சோடா. எனக்கு அது தித்திப்பு அதிகம், இவ்வூர்க்காரர்களுக்கோ அது இல்லாமல் ஞாயிறு விடியாது.

இங்கே படிக்கவும் வேலைக்கும் வரும் நம்மவர்களில் சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மசித்த பயற்றிலும் சில கடைகளின் கோதுமை டொர்ட்டியாவிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். சோற்றைக் கோழிச்சாறு விட்டு வேகவைப்பதும் உண்டு. மான்தேகா, அதாவது பன்றிக்கொழுப்பு, இருக்கிறதா என்று கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. முட்டை சாப்பிடுகிறவருக்குச் சோள டொர்ட்டியாவில் உருளைக்கிழங்கும் முட்டையும் நல்ல தேர்வு. சப்பாத்திக்கள்ளி மடலை நறுக்கிச் சமைத்த நோபாலேஸ் கிடைக்கும் கடைகளில் அதையும் கேட்டுப் பாருங்கள்.

கணக்குப் போடும்போது விலைப்பட்டியலில் இல்லாத இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: உணவகத்தில் வாங்கும் உணவுக்கு 8.25 விழுக்காடு விற்பனை வரி உண்டு. மேசையில் பரிமாறும் இடமானால் அதற்கு மேல் 15 முதல் 20 விழுக்காடு டிப்ஸ் வைப்பது இங்குள்ள முறை. டிப்ஸில் மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது. பரிமாறுகிறவரின் கூலியில் கைவைப்பது அது. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் கவுன்ட்டரில் வாங்கும் கடைக்குப் போங்கள், சோடாவுக்குப் பதில் தண்ணீர் கேளுங்கள். மார்க்கெட் ஸ்கொயரில் சந்தைத் தொழிலாளர்களுக்காக 1941இல் மூன்று மேசைகளோடு தொடங்கி இன்று பேருணவகமாக வளர்ந்திருக்கும் மி தியேராவைப் பார்க்க விரும்புகிறவர்கள், முழுச் சாப்பாடு சாப்பிடாமல், முன்புறமுள்ள பேக்கரியில் கோன்சா என்னும் இனிப்பு ரொட்டியும் காபியும் வாங்கிக்கொண்டு அந்த அலங்காரங்களைக் கண்ணாரப் பார்க்கலாம். அதையும் செலவழிக்க இயலாத வாரங்களில் எச்-இ-பி அங்காடிக்குப் போங்கள். அவர்களுடைய பல கிளைகளில் டொர்ட்டியாவை அங்கேயே சுட்டுச் சூடாகப் பையிலிட்டு விற்கிறார்கள்; டெக்சாஸில் பெரும்பாலான மளிகை உணவுப் பொருள்களுக்கு விற்பனை வரியும் கிடையாது. ஒரு பை டொர்ட்டியாவும் வெண்ணெய்ப்பழமும் முட்டையும் இருந்தால் ஓர் அறையில் தங்கியிருக்கும் நான்கு மாணவர்களின் இரவு உணவு முடிந்துவிடும். டிசம்பரில் வருகிறவர்கள், மக்காச்சோள மாவுக்குள் இறைச்சி முதலானவற்றை வைத்துச் சோளமடலில் பொதிந்து வேகவைக்கும் தமாலேயை டஜன் கணக்கில் வாங்குங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள்களில் கூட்டம் நெரியும் என்பதால், கடையில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவது நல்லது.