மனு மறுபடியும் அதே ஸ்டேஷனுக்கு

பெரியப்பாவுக்கு வயது 71. சென்ற ஆண்டு வரப்புத் தகராறு ஒன்றுக்காகப் புகார் கொடுக்கப் போனவரை, ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் காலையிலிருந்து மாலை வரை உட்கார வைத்து, கடைசியில் ஒருமையில் திட்டி அனுப்பினார்கள். மனு ரசீது கேட்டதுதான் அவர் செய்த குற்றம். அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நின்று மனுக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து போன் வந்தது. அதே ஸ்டேஷன், அதே ஏட்டு. "உங்கள் மனு விசாரணைக்கு வந்திருக்கிறது, ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்" என்றாராம். இந்த முறை டீ வாங்கிக் கொடுத்தார்கள். 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று ரைட்டர் முன்னமே எழுதி வைத்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். டீ நன்றாக இருந்தது என்றும் சொன்னார்.

யார் மீது புகாரோ அவரிடமே புகாரைக் கொடுத்து விசாரிக்கச் சொல்லும் இந்த வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்றுதான் 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்குத் தொடுத்தவர் பிரகாஷ் சிங், அவரே டி.ஜி.பி.யாக இருந்து ஓய்வு பெற்றவர். மாநில அளவில் ஒரு காவல் புகார் ஆணையம், அதற்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவர். மாவட்டத்துக்கு ஒன்று, அதற்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவர். அவர்கள் சொல்வது அரசைக் கட்டுப்படுத்தும். இதில் புரியாதது எதுவும் இல்லை.

நம் மாநிலம் ஏழு ஆண்டு கழித்து, 2013-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆணையமும் அதில் இருந்தது. ஆனால் மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர்கள் டி.ஜி.பி.யும் சட்டம் ஒழுங்கு ஏ.டி.ஜி.பி.யும். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். மாமியார் மீது மருமகள் கொடுத்த புகாரை விசாரிக்க மாமியாரின் அக்காவைப் போட்டதுபோல. பக்கத்துக் கேரளத்தில் 2011 சட்டப்படி மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிதான் தலைவர். அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. புகார் சொல்லப் போகிறவன் வேறொரு வாசலுக்குப் போகலாம், அவ்வளவுதான்.

அந்த வேறு வாசல் இல்லாததால் நாம் எதை நம்பிக்கொண்டிருக்கிறோம் என்று பாருங்கள். 2020 ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தார்கள். ஊரடங்கில் கடையை நேரம் கடந்து திறந்து வைத்ததாகத்தான் வழக்கு. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவருக்கு ஸ்டேஷனிலேயே ஒத்துழைப்பு இல்லை. சிசிடிவி பதிவில் இடம் இருந்தும் அன்றன்றைய காட்சி அன்றன்றே அழியும்படி வைத்திருந்தார்கள். ஸ்டேஷனை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் ஒப்படைக்கும் அளவுக்கு உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. நடந்ததைச் சொன்னது ஒரு பெண் தலைமைக் காவலர். வாக்குமூலம் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட அவர் தயங்கிய நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மறுநாளும் அதே சக ஊழியர்களோடு வேலை பார்க்க வேண்டியவர் அவர்.

ஐந்து ஆண்டு கழித்து, 2025 ஜூனில் மடப்புரம். நகை காணவில்லை என்ற புகாரில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டு இறந்த கோயில் காவலாளியின் உடலில் 44 காயங்கள். அங்கே உதவியது யாரோ ஒருவர் மறைந்து நின்று செல்போனில் எடுத்த காட்சி. ஒரு பெண்ணின் துணிச்சல், ஒரு நடுவரின் பிடிவாதம், ஒரு செல்போன். இந்த மூன்றும் வாய்க்காத ஊரில் என்ன நடந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

'அப்படியானால் ரௌடிகளைக் கொஞ்சவா வேண்டும்?' என்று இப்போதே ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். தெரியும். கழிவறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி, கையில் மாவுக்கட்டோடு நிற்பவனின் படம் வந்தால் இங்கே எத்தனை சிரிப்புக்குறிகள் விழுகின்றன என்பதையும் பார்க்கிறேன். அந்தக் கழிவறைத் தரை மட்டும் ஏன் இத்தனை வழுக்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. சிரிப்புக்குறி போட்ட அதே நண்பர், தன் செல்போன் தொலைந்தபோது ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகப் பயந்து வக்கீல் நண்பரைத் துணைக்குக் கூப்பிட்டார். போலீஸ் மீது நமக்கு இருக்கும் நம்பிக்கை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ தொங்குகிறது.

காவலர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் எழுதவில்லை. பொய்ப் புகாரில் மாட்டும் ஏட்டுக்கும் வெளியாள் விசாரித்துச் சொல்லும் 'குற்றமில்லை'தான் உதவும். மேலதிகாரி சொல்லும் 'குற்றமில்லை'யை ஊரில் யார் நம்புகிறார்கள்?

போன வாரம் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டிருக்கிறேன், பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி. எங்கள் மாவட்டப் புகார் ஆணையம் இதுவரை எத்தனை முறை கூடியது, எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனை பேர் மீது நடவடிக்கை என்று மூன்று கேள்விகள். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்ததும் இங்கே போடுகிறேன். அதற்குள் ஏட்டிடமிருந்து போன் வந்தால் அதையும் எழுதுகிறேன்.