என் அம்மாவிடம் இனி அந்தக் கேள்வி வேண்டாம்

அப்பாவின் நினைவு நாளன்று நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வீடு நிறைய ஆட்கள். உறவில் மூத்தவர் ஒருவர் என்னையும் தம்பியையும் ஒப்பிட்டு அம்மாவைக் கேட்டார்: "இவளை வளர்த்த கைதானே அவனையும் வளர்த்தது? அவனிடம் மட்டும் எங்கே கோட்டை விட்டாய்?" அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் அப்போது நா எழவில்லை.

இப்போது சொல்கிறேன். அம்மா கோட்டை விடவில்லை.

நான் படுத்தால் தூங்கிவிடும் குழந்தையாம். தம்பியோ பாத்திர மூடி விழுந்தாலே அலறித் துடிப்பானாம். கைக்குழந்தைக்கு யார் என்ன வளர்ப்புக் கொடுத்துவிட முடியும்? 2015-ல் 1.4 கோடிக்கும் அதிகமான இரட்டையர் இணைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனிதர்களுக்குள் காணும் வேறுபாடுகளில் சராசரியாக 49 சதவீதம் மரபணு சார்ந்தது என்று தெரிந்தது. உடன்பிறந்தவர்களுக்கோ அந்த மரபணுச் சீட்டு ஆளுக்கு ஒரு விதமாகக் குலுக்கப்படுகிறது.

மீதி முழுவதும் அம்மாவின் கணக்கா? அதுவும் இல்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு வேறுபடுகிறார்கள் என்று 1987-லேயே உளவியலாளர்கள் ராபர்ட் பிளோமினும் டெனிஸ் டேனியல்ஸும் ஆராய்ந்து எழுதினார்கள். இருவருக்கும் பொதுவான வீட்டுச் சூழலைவிட, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ப்பதே குணத்தில் அதிகம் பேசுகிறது என்றார்கள். எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். எனக்குக் கிடைத்தவர் மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லித்தந்த அப்பா. வேலை போன பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அப்பாதான் அவனுக்குக் கிடைத்தார்.

பள்ளி முடியும்வரை எனக்கு அதே மூன்று தோழிகள். எட்டாம் வகுப்பில் பள்ளி மாறிய அவனைச் சேர்த்துக்கொண்டது ஒரே ஒரு கூட்டம். பெற்றோரைவிடச் சகவயதினரே பிள்ளைகளை அதிகம் உருவாக்குகிறார்கள் என்று உளவியல் ஆய்வாளர் ஜூடித் ரிச் ஹாரிஸ் வாதிட்டார். முழுவதும் ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. ஆனால் அந்த ஓராண்டில் அவன் பேச்சும் நடையும் மாறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

"அப்படியானால் பெற்றோருக்குப் பொறுப்பே இல்லையா?" என்பீர்கள். இருக்கிறது. அடித்தும் பட்டினி போட்டும் வளர்த்தால் பிள்ளை உடைந்துதான் போகும். என் அம்மா அப்படி வளர்த்தாரா? "தம்பிக்குச் சாக்குச் சொல்கிறாய்" என்றும் சிலர் சொல்வீர்கள். அவன் கடனை இரண்டு முறை அடைத்தவள் நான். அவனோடு சண்டையும் போட்டவள். அது எங்களுக்குள் இருக்கட்டும்.

அம்மாவைக் குறை சொன்னதைவிட, அதற்கு என்னை அளவுகோலாக எடுத்ததுதான் எனக்கு ஆறவில்லை. அவன் அடுத்த அறையில்தான் இருந்தான். விடியும் முன்பே வந்து நாற்காலிகளையெல்லாம் போட்டவன் அவன். எல்லோரும் போன பிறகு ஒவ்வொன்றாக மடித்து அடுக்கிவிட்டு, சாப்பிடாமல் கிளம்பிவிட்டான்.

இரவு விளக்கை அணைத்த பிறகு அம்மா கேட்டார்: "அவனை அந்தப் பள்ளியில் சேர்த்திருக்கக் கூடாதோ?"