நாய்க்கு என்ன சொல்?

1725 வாக்கில் வட ஜெர்மனியில் ஸ்யூட்டன் என்கிற சின்ன ஊரில் ஒரு விவசாயி எழுதி வைத்தார்: எனக்கு 47 வயது, நானும் இந்த ஊரில் இன்னும் மூன்று பேரும் போய்விட்டால், வென்டிய மொழியில் நாய்க்கு என்ன சொல் என்று சரியாகத் தெரிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். வென்டியம் என்பது அந்த வட்டாரத்தில் பேசிய ஒரு ஸ்லாவிய மொழி, போலிஷ், ரஷ்யன் மாதிரி மொழிகளுக்கு உறவு. எழுதியவர் பெயர் யோகான் பாரும் ஷுல்ட்சே. உழுது பிழைத்தவர், ஊரில் மதுவிடுதியும் நடத்தினார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த வட்டாரம் வென்ட்லாந்து, எல்பே ஆற்றுக்குத் தெற்கே. அங்கே ஊர்களே வட்டமாக இருக்கும். மேட்டில் உழுநிலம், தாழ்வில் ஈரமான புல்வெளி, இரண்டும் சேரும் விளிம்பில் ஊர். நடுவில் திறந்தவெளி, அதைச் சுற்றி வீடுகள், ஒவ்வொரு மனையும் விசிறி மாதிரி பின்பக்கம் விரிந்துகொண்டே போகும், உள்ளே வர பெரும்பாலும் ஒரே பாதைதான். ஓக் மரச் சட்டம் போட்ட பெரிய வீடுகள், வண்டியே நுழைகிற வாசல், மாடும் மனிதரும் தானியமும் ஒரே கூரையின் கீழ். வாசல் உத்திரத்தில் புருஷன், பெண்டாட்டி பெயர், கட்டின வருஷம், கூடவே ஒரு பைபிள் வரி, எல்லாம் செதுக்கியிருக்கும். லினன் நெசவில் காசு புரண்ட காலத்து வீடுகள் இவை. 1945க்குப் பிறகு மூன்று பக்கமும் கிழக்கு ஜெர்மனி எல்லை வந்துவிட்டது, தொழிற்சாலை எதுவும் எட்டிப் பார்க்கவில்லை, அதனால்தான் இவ்வளவும் இடிபடாமல் தப்பித்தது.

வீடுகள் அழகுதான், காக்கத்தான் வேண்டும். ஆனால் பாரம்பரியம் என்றால் மரமும் செங்கல்லும் மட்டும்தானா? லூஹோ, சாட்டமின் என்று அந்த ஊர்ப் பெயர்களெல்லாம் ஸ்லாவிய வேர் உள்ளவை. அங்கே வியாழக்கிழமைக்கு இருந்த சொல் பெருன் என்ற இடிக்கடவுளின் நாள் என்று பொருள்படும். கிறிஸ்தவம் வந்து எத்தனையோ தலைமுறைக்குப் பிறகும் கிழமைப் பெயரில் பழைய சாமி உட்கார்ந்திருந்தார் பாருங்கள்!

அந்த மொழியை யாரும் ஒரே நாளில் பிடுங்கிவிடவில்லை. பக்கத்து வுஸ்ட்ரோவில் பாதிரியாராக இருந்த கிறிஸ்டியான் ஹென்னிக், யானிஷ்கே என்ற விவசாயியிடம் கேட்டுக் கேட்டுச் சொற்களைச் சேர்த்தார். கேலி செய்வார்களே என்று இளையவர்கள் அந்தப் பேச்சையே வெறுத்தார்கள், பெரியவர்கள் சொந்தப் பிள்ளைகள் முன்னால் பேசக் கூசினார்கள் என்று அவரே குறித்திருக்கிறார். எனக்கு இதுதான் தாங்கவில்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு மொழிக்கு வாய் கட்டியாகிவிட்டது. 1756இல் எமரென்ட்ஸ் ஷுல்ட்சே என்ற அம்மா 88 வயதில் இறந்தார், அந்த மொழியை நன்றாகப் பேசத் தெரிந்த கடைசி ஆள் அவர்தான் என்கிறார்கள்.

உத்திரத்தில் பெயர் செதுக்கியவர்களுக்குத் தருகிற மரியாதையை சொற்களை எழுதி வைத்த இவர்களுக்கும் தர வேண்டும் என்பேன். அந்த வட்டத்தின் நடுவில், குழந்தைகள் படிக்கிற மாதிரி, அவர்கள் காப்பாற்றிய சொற்களை எழுதி வையுங்கள். மறந்துபோகும் என்று யோகான் ஷுல்ட்சே பயந்த அந்தச் சொல்லையே முதலில் எழுதுங்கள். ப்யஸ். நாய்.