சனிக்கிழமை எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது

போன திங்கட்கிழமை பசுமலையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை பெரியம்மாவுக்கு. பாயசம் வரும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டார்கள்: “ஏம்மா, சனிக்கிழமையானா ஒங்க வீட்ல அடுப்பே பத்த வைக்க மாட்டீகளாமே, நெசமா? பிள்ளைக என்னத்தச் சாப்பிடும்?” நான் வாயைத் திறப்பதற்குள் எதிர் வரிசையிலிருந்த மாமா, “அதெல்லாம் நியாயப்பிரமாணம்மா. நாம கிருபையின் காலத்துல இருக்கோம்” என்று முடித்துவிட்டார். மோசேயின் பழைய சட்டம் இயேசுவை நம்புகிறவர்களைக் கட்டாது என்று அர்த்தம். அடுத்த பந்திக்கு ஆட்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். கை கழுவ எழுந்தோம். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரியும்வரை ஓய்வுநாள். அந்த நேரம் முழுக்க வேலை இல்லை, தீ மூட்டுவதும் இல்லை. நானும் என் வீட்டுக்காரரும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களில் பிறந்து ஞாயிறு ஆராதனையில் வளர்ந்தவர்கள்தான். வேதத்தை வாசிக்க வாசிக்க ஒரு விஷயம் எங்களை விடவில்லை. நம் ஆண்டவர் யூதராகப் பிறந்து யூதராகவே வாழ்ந்தவர். ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போவது அவருடைய வழக்கம் என்று லூக்கா 4:16 சொல்கிறது. இப்போது யேசுவா என்ற அவருடைய எபிரெயப் பெயரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறோம். மேசியானிக் விசுவாசிகள் என்று எங்களைச் சொல்வார்கள். நாங்கள் யூதர்கள் அல்ல, ஒருநாளும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. யூத சமயத்தார் இந்த விசுவாசத்தைத் தங்கள் சமயமாக ஏற்பதில்லை என்பதும், அவர்கள் வழிவழியாகக் காத்துவந்ததை மற்றவர்கள் எடுத்துச் செய்வது அவர்களில் பலருக்கு வலிக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால் எதைச் செய்தாலும் இது யாரிடமிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்கிறோம்.

சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா என்ற வாதத்துக்குள் நான் நீளமாகப் போகப் போவதில்லை. கி.பி. 321-ல் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையை விடுமுறையாக்கிச் சட்டம் போட்டான் என்பதும் சரித்திரம். அதற்கு வெகுகாலம் முன்பே விசுவாசிகள், ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாளென்று ஞாயிறு கூடிவந்தார்கள் என்பதும் சரித்திரம். கொலோசெயர் 2:16-ல் ஓய்வுநாளைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருக்கட்டும் என்று பவுல் எழுதியதை மாமா எனக்கு எதிராகச் சொல்வார். எனக்கு அது இரண்டு பக்கமும் வெட்டுகிற வசனம். கைக்கொள்ளாதவர்களை நான் குற்றப்படுத்தக் கூடாது, கைக்கொள்கிற எங்களையும் யாரும் குற்றப்படுத்த வேண்டாம்.

ஆனால் “யூடியூப் பார்த்துக் கெட்டுப்போனீங்க, நம்ம ஊர்ல இதெல்லாம் ஏது” என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மா வழி தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். அங்கே பக்கத்திலேயே பிரகாசபுரம். 1857-ல் அருமைநாயகம் சட்டம்பிள்ளை என்ற உபதேசியார் மிஷனரிமாரோடு முரண்பட்டுப் பிரிந்து, தனிச் சபை ஒன்றை அங்கே கட்டினார். எபிரெயம் கற்றார். அவருடைய சபை சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதைச் செய்து நூற்றறுபது வருஷத்துக்கு மேலாகிறது. என் பாட்டிக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியும். எனக்குத்தான் நாற்பது வயதுக்குமேல் தெரிந்தது.

இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு வருகிறேன். மதுரை விளாங்குடியில் எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை என்றாலே ஒரு மணம் உண்டு. வாசல் கழுவிய ஈரம், சாம்பிராணி, தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்த பெண்களின் கூந்தலில் மல்லி. ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கு ஏறும். எங்கள் வீட்டிலும் இரண்டு விளக்கு. வேதத்தில் ஓய்வுநாள் கட்டளை இரண்டு இடத்தில் வருகிறது: ‘நினைப்பாயாக’ என்று யாத்திராகமம் 20-ல் ஒரு சொல், ‘ஆசரிப்பாயாக’ என்று உபாகமம் 5-ல் ஒரு சொல், அந்த இரண்டுக்கும் இரண்டு. சூரியன் மறைவதற்குப் பதினெட்டு நிமிஷம் முன்னால் வீட்டுப் பெண் ஏற்ற வேண்டும் என்பது யூதர்களின் வழக்கம். எருசலேமில் டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், ஜூனில் ஏழரை தாண்டும். மதுரையில் அந்தச் சிரமம் இல்லை. வருஷம் முழுக்க ஆறு மணிக்குச் சற்று முன்னிருந்து ஆறே முக்காலுக்குள் பொழுது இறங்கிவிடும். காலண்டர் பார்க்காமலே கைக்கு நேரம் பழகிவிட்டது.

முதலில் மெழுகுவர்த்திதான் ஏற்றினோம். ஒருநாள் மெழுகுவர்த்தி தீர்ந்துவிட்டது, அகல் இருந்தது. அத்தை பதறிவிட்டார்கள். “வேண்டாம்மா, எண்ணெ வெளக்கு வச்சா சபை சனம் என்ன சொல்லும்?” அவர்கள் பயம் எனக்குப் புரிந்தது. அவர்கள் காலத்தில் அகல் விளக்கு என்றால் விட்டுவந்த பழைய வழி என்று அர்த்தம். அதன் பிறகு தேடிப் படித்தேன். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில், ஓய்வுநாள் விளக்கை எந்தெந்த எண்ணெயில் ஏற்றலாம் என்று ஒரு விவாதம் வருகிறது. ரபி தர்ஃபோன் ஒலிவ எண்ணெய் மட்டும்தான் என்கிறார். மற்ற ஞானிகள் எல்லா எண்ணெயும் ஆகும் என்று பெயர் சொல்லி அடுக்குகிறார்கள். அதில் எள் எண்ணெய் இருக்கிறது. நம் நல்லெண்ணெய்! வாசித்துக் காட்டியபோது அத்தை ஒன்றும் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர்களே பஞ்சை எடுத்துத் திரி திரித்து வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து திரி அவர்கள் பொறுப்பு.

திராட்சரசத்துக்குக் கம்பம் பன்னீர் திராட்சை. வேகவைத்துப் பிழிந்து புளிக்கவிடாமல் வைத்துக்கொள்வோம். ரொட்டிக்கு மாவு பிசைந்து மகள் மூன்று பிரியாகச் சடை பின்னுவாள், இரண்டு ரொட்டி. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு ஆண்டவர் கொடுத்த மன்னா என்ற அப்பம், மற்ற நாளில் தலைக்கு ஒரு ஓமர் அளவு, ஆறாம் நாளில் மட்டும் இரண்டு ஓமர் கிடைத்ததே, அதற்காக இரண்டு. இந்த இரட்டைப் பங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வருவேன்.

பெரியம்மா கேட்டதற்குப் பதில்: பிள்ளைகள் சனிக்கிழமை நன்றாகவே சாப்பிடுகிறார்கள். வெள்ளி மத்தியானமே புளியோதரை கிளறிவிடுவேன், அது மறுநாள்தான் உப்பும் புளியும் ஊறி ருசிக்கும். மண்சட்டியில் கெண்டைமீன் குழம்பு. மீன் குழம்பை மறுநாள் சாப்பிடுவதன் அருமையை மதுரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். (வேதம் சொன்னபடி செதிலும் துடுப்பும் உள்ள மீன் மட்டுந்தான். கெளுத்தியை விட்டது வருத்தமில்லை. அயிரையை விட்டதற்கு என் வீட்டுக்காரர் இன்னும் ஏங்குகிறார்.) காலைக்கு, வெள்ளி இரவே தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு. மோர், சின்ன வெங்காயம், முந்தின நாளே வறுத்த மோர் மிளகாய். யோசித்துப் பாருங்கள், தீ மூட்டாமல் ஒரு காலை விடிய வேண்டும் என்றால் அதற்கு வேண்டிய சாப்பாட்டை நம் பாட்டிமார் என்றைக்கோ செய்துவைத்துவிட்டார்கள். ரஷ்யாவிலும் போலந்திலும் யூதப் பெண்கள் பனிக்காலத்தில் வெள்ளிக்கிழமையே அடுப்பில் ஏற்றி இரவெல்லாம் தணலில் வைத்துக் கஷ்டப்பட்டார்கள். நமக்கு ஒரு பானையும் தண்ணீரும் போதும். அத்தைக்கு மட்டும் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் இருக்கும். ஒரு சனிக்கிழமை அவர்களுக்கு வீசிங் வந்தது. அடுப்பைப் பற்றவைத்து ஆவி பிடிக்க வைத்தேன், ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கும் போனோம். உயிர் காக்க ஓய்வுநாளை மீறத்தான் வேண்டும் என்பது யூதச் சட்டத்திலேயே உண்டு. நம் ஆண்டவர் ஓய்வுநாளில் குணமாக்கியதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் இப்போது. முதல் வருஷம் நடந்ததையும் சொல்லாவிட்டால் நான் எழுதுவது உண்மையாக இருக்காது.

முதல் வருஷம் ஓய்வுநாள் என்றாலே எனக்கு உடம்பு நடுங்கும். வெள்ளிக்கிழமை கடையில் ஐந்து மணிவரை தையல், அதற்கு முன்னும் பின்னும் வீட்டில் இரண்டு நாள் சமையல், வீடு துடைப்பது, துணி, மாவு. விளக்கேற்றும்போது நிற்கவே முடியாது. மேஜையில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் நீதிமொழிகள் 31-ஐ வாசிப்பார். வெள்ளி இரவு கணவன் மனைவிக்கு அதை வாசிப்பதும் யூதர்களிடமிருந்து வந்த வழக்கம். குணசாலியான ஸ்திரீ இருட்டோடே எழுந்திருக்கிறாள் என்று வரும். நான் அன்று நாலு மணிக்கு எழுந்தவள். மறுநாள் அவர் வேதத்தோடு சாய்வு நாற்காலியில், பிள்ளைகள் பாயில், நான் தட்டு எடுத்து வைத்து, எடுத்து வைத்து... அவர்மேல் குறை சொல்லவில்லை. எனக்கும் அப்போது அது தப்பென்று தெரியவில்லை.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, சமைத்துவைக்க முடியாமல் போய்விட்டது. செயலியில் பிரியாணி சொல்லிவிட்டோம். நாங்கள் சமைக்கவில்லையே, அதனால் ஓய்வுநாள் மீறப்படவில்லை என்று ஒரு கணக்கு. மத்தியானம் ஒன்றரை மணி வெயிலில் ஒரு பையன் வந்து நின்றான். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. “அக்கா, கொஞ்சம் தண்ணி” என்றான். கொடுத்தேன். குடித்துவிட்டு அடுத்த ஆர்டருக்குப் போய்விட்டான். கதவைச் சாத்தும்போது என் மகன், அப்போது அவனுக்கு ஏழு வயது, மனப்பாட வசனத்தில் படித்ததைக் கேட்டான்: “அம்மா, ‘உன் வாசல்களில் இருக்கிற அந்நியன்’னா இந்த அண்ணனா?”

அந்தப் பிரியாணி என் தொண்டையில் இறங்கவில்லை.

அன்று யாத்திராகமம் 20:10-ஐ உட்கார்ந்து நிதானமாகப் படித்தேன். பத்துக் கட்டளைகளில் இது நீளமான கட்டளை. அந்த வசனத்தில் பாதிக்குமேல் அடுத்தவர்களைப் பற்றியது. நீ, உன் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலில் இருக்கிற அந்நியன். மாட்டுக்கு லீவு எழுதிவைத்த ஆண்டவர் மனைவியை எழுதவில்லையே என்று பார்த்தேன். பிறகுதான் புரிந்தது, அந்த ‘நீ’ என்பதில் நானும் இருக்கிறேன். என் வீட்டுக்காரருக்குச் சொன்ன அதே சொல்லால் எனக்கும் சொல்லியிருக்கிறது. உபாகமத்தில் இன்னும் வெளிப்படை: நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள், உன் வேலைக்காரரும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும்.

அன்று இரவே என் வீட்டுக்காரரிடம் பேசினேன். அவர் வாதாடவில்லை. வெள்ளிக்கிழமை இப்போது லேத்திலிருந்து மூன்று மணிக்கே வந்துவிடுவார். மீன் ஆய்வது, பாத்திரம் கழுவுவது, வீடு துடைப்பது அவரும் மகனும். சனிக்கிழமை தட்டு அவரவர் எடுத்துக் கழுவாமல் தண்ணீரில் போட்டுவிடுவோம். பார்சல் அன்றோடு நின்றது.

வீடு சரியானது. கடையை மறந்திருந்தேன். ஆரப்பாளையம் பக்கம் என் தையல் கடையில் மூன்று பேர் தைக்கிறார்கள், பீஸ் ரேட். நான் ஓய்வுநாளுக்காக சனிக்கிழமை கடையை மூடி, பதிலுக்கு ஞாயிறு வரச் சொல்லியிருந்தேன். அவர்களில் மூத்தவர், பத்து வருஷமாக என்னோடு இருக்கிறவர், காஜா எடுத்துக்கொண்டே சொன்னார்: “ஒங்களுக்கு ஆண்டவரு லீவு குடுத்துட்டாரு, சரிம்மா. எனக்குப் பிள்ளைக வீட்ல இருக்குறது ஞாயித்துக்கெழம ஒருநாத்தேன். அதையும் எடுத்துக்கிட்டா நா எப்பத்தேன் பிள்ளைகளோட ஒக்கார்றது?” ஞாயிறையும் மூடினால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். அதையும் அவரே சொன்னார்.

பதில் தெரியாமல் வந்தேன். அந்த வெள்ளி இரவு அதே அதிகாரம். இருட்டோடே எழுந்திருந்து என்று ஆரம்பிக்கிற அந்த வசனம் எப்படி முடிகிறது தெரியுமா? தன் வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள் என்று முடிகிறது. எத்தனை வாரம் கேட்டிருக்கிறேன்! மேஜையில் இரண்டு ரொட்டி. ஏழாம் நாளைக்கான அப்பத்தை ஆறாம் நாளே கொடுத்துவிட்டுத்தான் ஆண்டவர் ஜனங்களை உட்காரச் சொன்னார். கூலியைப் பிடித்துக்கொண்டு ஓய்வு கொடுக்கவில்லை.

இப்போது சனியும் ஞாயிறும் கடை மூடியிருக்கும். ஐந்து நாளில் தைத்ததற்குச் சராசரி பார்த்து, சனிக்கிழமைக் கூலியையும் சேர்த்து வெள்ளி மத்தியானமே கொடுத்துவிடுகிறேன். மூன்று பேருக்கும் சேர்த்து வாரம் 1,500 ரூபாய் பக்கம் வரும். ஞாயிறு முகூர்த்தத்துக்குச் சனிக்கிழமை ரவிக்கை வாங்க வருகிறவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள், அந்த நஷ்டம் தனி. சிறிய கடைக்கு இது பெரிய தொகைதான். முகூர்த்த மாதங்களில் கை கடிக்கிறது. அதற்காக ஒருநாள் இரவு அழுதும் இருக்கிறேன். ஆனாலும் இதைக் கொடுக்காமல் விளக்கேற்ற என்னால் முடியாது. மாமா இதை நியாயப்பிரமாணம் என்பார். கிருபை என்பது நான் மட்டும் வாங்கி வைத்துக்கொள்கிற பொருளா மாமா?

சனிக்கிழமை வேலையாட்களை வரவழைத்துக்கொண்டு தான் மட்டும் ஓய்வுநாள் கூட்டத்துக்குப் போகிற எங்கள் விசுவாசத்தைச் சேர்ந்த முதலாளிமாருக்கும் இதையே சொல்கிறேன். ஞாயிறு ஆராதனைக்குப் போகும்போது வீட்டு வேலைக்கு வருகிற அக்காவை வழக்கம்போல வரச்சொல்கிற என் சபைச் சகோதரிகளுக்கும் இதுதான். எந்த நாள் என்பதில் நாம் ஒத்துப்போகாவிட்டாலும் இதில் ஒத்துப்போகலாம்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. மகள் பிளஸ் டூ. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். பள்ளியில் கேட்டோம், விலக்குக் கிடையாது என்றுவிட்டார்கள். அவளைப் போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, போ என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவளே முடிவு செய்தாள், போகிறாள். டிபன் பாக்ஸில் புளியோதரை. நாலரைக்குத் திரும்புவாள். மொட்டை மாடியில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் அஞ்சறைப் பெட்டியிலிருந்து கிராம்பும் பட்டையும் எடுத்து, அதோடு கொஞ்சம் மரிக்கொழுந்தும் வைத்து முகர்ந்து ஓய்வுநாளை வழியனுப்புவோம். அதுவரை அவளுக்கு மிஞ்சுவது இரண்டரை மணி நேரம். அந்த நேரத்தில் அவளிடம் நான் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்பதில்லை.